இடக்கை நகரம்

லசாரூ அம்மாள் விலையைக் குறைத்தது
பரிவினால் அல்ல.
"தப்புப் பிரதி இது, குணவதி.
யாரோ ஒருத்தன் அசலைப் பார்த்து
அப்படியே செம்பில் கீறிவிட்டான்.
தாளில் ஒற்றியதும் எல்லாம் இடம் மாறிப்போயிற்று.
பேராலயம் வலப்புறம் இருக்கவேண்டும், இடப்புறம் நிற்கிறது.
ஆறு எதிர்த்திசையில் ஓடுகிறது."

புலாவ் தீக்குஸ் சந்தையில்
மீன் பலகைகளைக் கழுவிவிடும் நேரம்.
என் கையில் கொலோன் நகரம்.
காய்ச்சல் நாள்களில்
நெற்றித் துணியில் நனைத்த ஓடிகொலோன்தான்
அதுவரை அவ்வூரோடு எனக்கிருந்த பழக்கம்.

நானூறு வெள்ளி சொன்னாள்.
முந்நூற்று இருபதுக்குத் தந்தாள்.

பர்மா சாலையில், மருந்துக்கடை மாடியில்,
பிறர் வாய்களின் அச்சுகளில் நாள் முழுதும்
சாந்து ஊற்றுகிறவள் நான்.
பள்ளம் மேடாகும். மேடு பள்ளமாகும்.
எதிரே உட்கார்ந்தவரின் வலம் எனக்கு இடம்.
இருபத்திரண்டு வருடத்தில் ஒரே ஒருமுறை தவறினேன்:
ஒரு காப்பிக்கடை முதலாளிக்கு
இல்லாத பக்கத்துக்குப் பல் செய்துகொடுத்தேன்.
ஆகவே செம்பில் கீறியவனை
நான் அதிகம் திட்டமாட்டேன்.

ஜெலுத்தோங்கில் பதினோராம் மாடி.
கூடத்தில் பதினொரு ஊர்கள்,
இது பன்னிரண்டாவது.
ஈரம் உறிஞ்சும் பெட்டி இரவெல்லாம் முனகும்.
காலையில் அதன் வயிற்றிலிருந்து
இரண்டு லிட்டர் பினாங்கை எடுத்துக் கொட்டுவேன்.
அப்படியும் பிராகின் வானத்தில் துருப்புள்ளிகள்.
லிஸ்பன் துறைமுகத்தில் நின்ற ஒரு கப்பலை
ராமபாணப் பூச்சி தின்றுவிட்டது,
பாய்மரம் மட்டும் பாக்கி.

புதுத்தாளின் ஓரத்தைக் கட்டைவிரலால் தடவினேன்.
தகடு அழுத்திய தழும்பு
நாலு பக்கமும் இருந்தது.
பிறகு குளியலறைக் கண்ணாடிக்கு எதிரே
தாளைத் தூக்கிப் பிடித்தேன்.
பேராலயம் வலப்பக்கம் போய் நின்றது.
ஆறு ஒழுங்காக ஓடியது.
ஆனால் வானத்து நாடாவில் இருந்த ஊர்ப் பெயர்
புரண்டு முதுகு காட்டியது.

கெட்டிக்காரன்.
எழுத்தை மட்டும் கவனமாகத் திருப்பிக் கீறியிருக்கிறான்.
வாங்குகிறவனுக்குப் பெயர் படிக்கத் தெரியும்,
ஊரை நேரில் கண்டவன் எவன்
என்று நினைத்திருப்பான்.
நானும் கண்டதில்லை.

கட்டி முடியாத கோபுரத்தின் தலையில்
ஒரு மரக் கிரேன், கழுத்தை நீட்டியபடி.
என் சன்னலுக்கு வெளியே
கடலைத் தூர்த்த மண்ணில் ஏழு கிரேன்கள்.
அவையும் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் திரும்பும்.

பல் பார்க்கும் உருப்பெருக்கியை மாட்டிக்கொண்டு
அக்கரை மேட்டில் நிற்கிற மனிதர்களிடம் போனேன்.
பிரபுவின் வாள் வலது இடுப்பில்.
கோப்பை இடக்கையில்.
ஒருத்தி இடக்கையால் நதியைக் காட்டுகிறாள்.
படகோட்டி, நாய்க்கு எலும்பு எறிகிற பையன்,
எல்லாரும்
எல்லாரும் பீச்சாங்கை.

தண்ணீர்மலையில் ஒருமுறை
விபூதி என் உள்ளங்கைக்கு வராமல்
பாதியில் நின்றது.
"அந்தக் கையை நீட்டும்மா."
சுங்கை பட்டாணியில் ஒரு கலியாணப் பந்தியில்
நான் பரிமாறிய பாயசத்தை
ஒரு மாமி இலையோரம் ஒதுக்கினாள்.
அவளுக்கு இனிப்பு நோய் என்று
வீடு வரும்வரை எனக்கே சொல்லிக்கொண்டேன்.

ஒரு மாதம் கழித்து லசாரூ அம்மாள் கூப்பிட்டாள்.
சரியான பிரதி ஒன்று வந்திருக்கிறதாம்.
கூட இருநூறு கொடுத்தால் மாற்றித் தருவாளாம்.
மழையில் போய்ப் பார்த்தேன்.
நல்ல கறுப்பு, அகல ஓரம், ஒரு புள்ளி இல்லை.
பிரபு வலக்கையில் கோப்பையை உயர்த்தி நின்றார்.
யாரோ சொல்லிக்கொடுத்ததுபோல் இருந்தது.

"வேண்டாம்" என்றேன்.
"தப்பைத்தானா வைத்துக்கொள்ளப் போகிறாய்?"
என்னவோ சொல்ல வந்து,
சந்தையில் இறால் விலை கேட்டுக்கொண்டு வந்துவிட்டேன்.

வீட்டில் பெட்டியின் சிவப்பு விளக்கு எரிந்தது.
நிறைந்துவிட்டது.
எழுந்து போய்க் கொட்டினேன்.